பெயரும் எண்ணும்: விழுப்புரம், திண்டிவனம் நினைவுகள்

டி.என்.எஸ். அமைப்பது என்பது, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்ததும் அதற்குரிய ஐ.பி. எண்ணை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லி வைக்கும் வேலை. வலையமைப்பில் தகவல் போவதும் வருவதும் எண்ணை வைத்துத்தான். பெயர் மனிதர்களுக்காக ஏற்பட்டது. பிரவுசரில் ஒரு பெயரைத் தட்டினால், பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பெயருக்கு எண் கேட்கும் விசாரணை ஒன்று நடந்து முடிந்துவிடுகிறது. சரியாக நடக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனாலும் "நெட் வரல" என்றுதான் சொல்வார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிரவுசிங் சென்டர்கள் செழித்திருந்த காலத்தில், நெட் வரவில்லை என்று வந்த புகார்களில் கணிசமானவற்றில் லைன் நன்றாகவே இருந்தது. பெயருக்கு எண் சொல்ல ஆள் இல்லாததுதான் கோளாறு. இரண்டு ஊர்களிலும் சென்டர்களுக்கும் கல்லூரி லேப்களுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுத்தவர்களில் இதை எழுதுபவரும் ஒருவர். அந்த வேலையில் கற்றுக்கொண்டதே இங்கே வரிசையாகச் சொல்லப்படுகிறது.

பெயர்ப் பட்டியல் முதலில் ஒரே கோப்பாக இருந்தது. இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களையும் எண்களையும் கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் ஒரு குழு பராமரித்து வந்தது. மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகாமல் போயிற்று. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், பட்டியலை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடங்களில் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகள்தாம் இன்றும் அடிப்படை. பழைய கோப்பும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் கணினி முதலில் பார்ப்பதும் அதைத்தான். பின்னால் சொல்லப்போகும் ஒரு தொல்லைக்கு இதுவே காரணம்.

பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்பதை ஒரு தபால் உறையை வைத்து விளக்கலாம். உறையில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று மேலிருந்து கீழே எழுதுகிறோம். தபால் பிரிப்பவர் கீழிருந்து மேலே படிக்கிறார். 605602 என்று பார்த்ததும் விழுப்புரம் பைக்குள் போடுவார். தெரு எதுவென்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. டி.என்.எஸ்.ஸும் பெயரை வலமிருந்து இடமாகத்தான் படிக்கிறது. 'டிஎன்.நிக்.இன்' என்று முடியும் பெயர் வந்தால், 'இன்' யார் பொறுப்பு என்று மூலச் சர்வரிடமும், 'நிக்' யார் பொறுப்பு என்று 'இன்' சர்வரிடமும், அதற்கும் உள்ளே இருப்பதை, அரசின் தகவலியல் மையமான நிக்கின் சர்வரிடமும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். வீட்டுக் கணினி இவ்வளவு தூரம் அலைவதில்லை. இணைய நிறுவனம் வைத்திருக்கும் டி.என்.எஸ். சர்வரிடம் ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அலைச்சல் முழுவதும் அந்தச் சர்வருடையது. கிடைத்த விடையை அது குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு உடனே சொல்லிவிடும்.

'இன்' என்ற முடிவு இந்தியாவுக்கு 1989இல் கிடைத்தது. முதலில் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைக் கவனித்து வந்தது. 2005இல் இந்தியாவின் இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்ஸி பொறுப்பேற்ற பிறகே சாதாரண மக்களும் எளிதாகப் பெயர் பதிய முடிந்தது. அதே 2005இல் மூலச் சர்வர்களின் நகல்கள் இந்தியாவுக்கு வந்தன. பதிமூன்று மூலச் சர்வர் பெயர்களில் 'எஃப்' எனப்படுவதன் நகல் சென்னையில் நிறுவப்பட்டது. மிகச் சிறிய வேலைக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்த நிலை அப்போதுதான் மாறத் தொடங்கியது. தமிழ்நாட்டின் இணைய வரலாற்றை எழுதுகிறவர்கள் சாஃப்ட்வேர் பார்க்குகளுக்குத் தரும் இடத்தில் ஒரு வரியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

பொதுமக்களுக்கான இணையத்தை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் மாநகரங்களுக்குத்தான். விழுப்புரம் போன்ற ஊர்களுக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்தது டயல்-அப் ரூபத்தில்: போன் லைனில் மோடம், அதன் கீச்சொலி, பிறகு திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிப் படங்கள். ஒரே கணினியில் டயல்-அப் வைத்திருந்தவர் டி.என்.எஸ். பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. இணைப்பு கிடைக்கும்போதே மறுமுனை தன் டி.என்.எஸ். எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ஒரே போன் லைனை நாலைந்து கணினிகளுக்குப் பகிர்ந்து தரும் சென்டர்கள் வந்தபோதுதான் அமைப்பு வேலை பிறந்தது.

பகிர்வதற்கு இரண்டு வழிகள் புழங்கின. ஒன்று, ப்ராக்ஸி மென்பொருள். இதில் மற்றக் கணினிகள் பெயரைத் தேடவே தேடாது. முழு முகவரியையும் ப்ராக்ஸி இருக்கும் கணினியிடம் ஒப்படைத்துவிடும், அதுவே எண்ணையும் கண்டுபிடித்துப் பக்கத்தையும் கொண்டு வரும். வாடிக்கையாளர் பிரவுசரோடு நிற்கிறவரை பிரச்சினை இல்லை. ப்ராக்ஸியைப் பற்றி எதுவும் சொல்லித் தராத ஒரு மென்பொருளைத் திறந்தால், அது பெயருக்கு எண் தேடிப் புறப்படும், டி.என்.எஸ். இல்லாததால் நின்றுவிடும். பக்கம் வருகிறது, மெசஞ்சர் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்ற புகாருக்கு இதுவே காரணம். இரண்டாவது வழி, விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பில் வந்த இணைப்புப் பகிர்வு. மோடம் இருக்கும் கணினிக்கு 192.168.0.1 என்ற எண் அமையும். மற்றக் கணினிகளில் கேட்வே (வெளியே போகும் வாசல்), டி.என்.எஸ். இரண்டுக்குமே அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

விண்டோஸ் 98இல் இதைக் கையால் செய்வது பொறுமையைச் சோதிக்கும். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க், அதில் லேன் கார்டுக்கு நேரே இருக்கும் டி.சி.பி./ஐ.பி., அதன் ப்ராப்பர்டீஸ், அதில் டி.என்.எஸ். கான்ஃபிகரேஷன். 'எனேபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினிக்கு ஒரு பெயர் கொடுத்து, சர்வர் எண்ணைத் தட்டி 'ஆட்' அழுத்த வேண்டும். எண்ணைத் தட்டிவிட்டு 'ஆட்' அழுத்தாமல் ஓகே கொடுப்பவர்கள் பலர். முடிந்ததும் விண்டோஸ் சி.டி.யைக் கேட்டாலும் கேட்கும், ரீஸ்டார்ட் கட்டாயம். சென்டரில் வேலை முழுதாக முடிய ஒரு மதியம் போய்விடும்.

எக்ஸ்பி வந்ததும் ரீஸ்டார்ட் தொல்லை ஒழிந்தது. ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது, அதுதான் இரண்டு ஊர்களிலும் அதிகம் பார்த்த கோளாறு. நேரத்துக்குக் கணக்குப் போடும் பில்லிங் மென்பொருளுக்காகச் சென்டர்களில் ஒவ்வொரு கணினிக்கும் மாறாத எண் ஒன்றைக் கையால் கொடுத்து வைப்பார்கள். எக்ஸ்பியில் ஐ.பி. எண்ணைக் கையால் கொடுத்தால், டி.என்.எஸ். தானாக வரும் வசதி மங்கிப்போய்விடும். அதையும் கையால்தான் கொடுக்க வேண்டும். பொருத்துகிறவர் ஐ.பி., சப்நெட், கேட்வே மூன்றையும் நிரப்பிவிட்டு, கீழே இருக்கும் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுப் போயிருப்பார். "லைட்டெல்லாம் எரியுதுண்ணா, ஆனா ஒரு சைட்டும் ஓப்பன் ஆகல" என்று போன் வரும். போய் ஏதாவது ஓர் எண்ணைப் பிங் செய்தால், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால், பதில் ஒழுங்காக வரும். பெயரைப் பிங் செய்தால் அப்படியொரு ஹோஸ்ட் இல்லை என்று சொல்லும். எண்ணுக்குப் பதில் உண்டு, பெயருக்கு இல்லை என்றால் கோளாறு அந்தக் காலிக் கட்டங்களில்தான். இந்த இரண்டு பிங்குகளைத் தாண்டி வேறு கருவி தேவைப்பட்டது அபூர்வம்.

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கிய பிறகு 192.168.1.1 என்ற எண் வீடுகளுக்குள் வந்தது. ஏ.டி.எஸ்.எல். மோடமே கேட்வேயாகவும் டி.என்.எஸ். கேள்விகளை வாங்கி மேலே அனுப்பும் இடைத்தரகராகவும் வேலை செய்தது. கணினியில் மோடத்தின் எண்ணைக் கொடுப்பதா, நிறுவனத்தின் டி.என்.எஸ். எண்ணை நேரடியாகக் கொடுப்பதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. மோடத்தின் எண்ணைக் கொடுத்தால் மாற்றம் ஏதும் வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நேரடியாகக் கொடுத்தால் மோடத்தின் சின்ன நினைவகம் திணறும்போது தப்பிக்கலாம். வீட்டுக்கு முதலாவதும் நிறையக் கணினிகள் ஓடும் சென்டருக்கு இரண்டாவதும் பொருந்தின. வடகிழக்குப் பருவமழையில் இடி விழுந்து மோடம் போய்விடுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. புது மோடம் வேறு எண் வரிசையோடு வந்தால் கேட்வேயும் டி.என்.எஸ்.ஸும் எல்லாக் கணினிகளிலும் ஒருசேர மாற வேண்டும். கேட்வேயை மட்டும் மாற்றிவிட்டு டி.என்.எஸ்.ஸைப் பழைய எண்ணிலேயே விட்ட கணினிகள் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி அகப்படும்.

இந்த அறிவுக்கெல்லாம் பரீட்சை நாள் ஒன்று இருந்தது. அது பிளஸ் டூ ரிசல்ட் வெளிவரும் மே மாதக் காலை. ரிசல்ட் பார்க்க அரசு சொன்ன முகவரிகள் டிஎன்ரிசல்ட்ஸ்.நிக்.இன், டிஜிஇ1.டிஎன்.நிக்.இன், டிஜிஇ2, டிஜிஇ3 என்று போகும். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், கண்டமங்கலம் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் விழுப்புரத்துக்கு வந்து சென்டர் வாசலில் நிற்பார்கள். அப்பாவோ அண்ணனோ கூட வந்திருப்பார். ஹால் டிக்கெட் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. குறித்த நேரம் வந்ததும் எல்லாக் கணினிகளிலும் ஒரே சமயத்தில் அந்த வெள்ளைப் பக்கம் வரும். அதன் அடியில் 'கேனாட் ஃபைண்ட் சர்வர் ஆர் டி.என்.எஸ். எரர்' என்று ஒரே வரி. சர்வர் நெரிசலில் சிக்கியிருந்தாலும் அந்த வரிதான், பெயருக்கு எண் கிடைக்காவிட்டாலும் அந்த வரிதான். எதுவென்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரித்துச் சொல்லாது. பிரித்துத் தெரிந்துகொள்வது அங்கே மிக முக்கியம். நெரிசல் என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எண் கிடைக்கவில்லை என்றால் அதை அந்த இடத்திலேயே சரிசெய்துவிடலாம்.

கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து டிஜிஇ1-ஐப் பிங் செய்ததும் முதல் வரியைப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 164.100 என்று தொடங்கும் எண் வந்துவிட்டால் டி.என்.எஸ். தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அந்த வரிசை நிக்குடையது. அதற்குக் கீழே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று எத்தனை வரி வந்தாலும் டி.என்.எஸ்.ஸில் குறையில்லை. எண்ணே வராமல் திரை திகைத்து நின்றால், நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்தான் கேள்விகளின் வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது. ஒரு ரிசல்ட் காலையில் விழுப்புரம் சென்டர் ஒன்றில் இப்படி ஆனது. எத்தனை முறை தட்டியும் எண் வரவில்லை. இரண்டாவது கட்டத்தில் வேறொரு டி.என்.எஸ். எண்ணைப் போட்டதும் பெயர் உடனே திறந்தது. வெளியே ஒரு பெரியவர் "இன்னும் வரலியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய பேத்தியின் மதிப்பெண் திரையில் வந்தபோது, உள்ளே இருந்தவர்களுக்கு அது தங்கள் வீட்டு ரிசல்ட் போலத்தான் இருந்தது.

முன்னெச்சரிக்கையான சென்டர்கள் வேறொரு வழி வைத்திருந்தன. முந்தின நாளே எண்ணைக் கண்டுபிடித்து ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுவார்கள். கணினி முதலில் அதைப் பார்ப்பதால், யாரையும் கேட்காமலே எண் கிடைத்துவிடும். அன்றைக்குப் பலன் தரும் வித்தைதான். ஆனால் ரிசல்ட் முடிந்தபின் அந்த வரியை அழிக்க யாருக்கும் தோன்றாது. தளத்தின் எண் பிற்பாடு மாறிவிட்டால், உலகமே புது எண்ணுக்குப் போகும்போது இந்த ஒரு கணினி மட்டும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். 'ஃப்ளஷ் டி.என்.எஸ்.' கட்டளை கொடுத்தாலும் போகாது; நினைவகம் காலியானதும் விண்டோஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து அதே வரியை மறுபடி ஏற்றிக்கொள்ளும். எழுதும்போதே கைகூடாமல் போவதும் உண்டு. நோட்பேடில் சேமித்தால் பெயரின் கடைசியில் 'டெக்ஸ்ட்' குறியும் ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அந்தக் குறியை மறைத்துக் காட்டும், கோப்பு சரியாக இருப்பதாகவே தோன்றும். கணினி அதைச் சட்டை செய்யாது.

லேப்களில் கதை வேறு. விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் 2008இல் தொடங்கின. சுற்றுவட்டாரத்தில் தனியார் கல்லூரிகளும் இருந்தன. லினக்ஸ் பாடத்தில் வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் டி.என்.எஸ். அமைப்பு ஒரே கோப்பில் அடங்கும்: ஈடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப். ஒவ்வொரு வரியிலும் 'நேம்சர்வர்' என்ற சொல், ஓர் இடைவெளி, ஓர் எண். மூன்று வரிவரைதான் மதிப்பு, நாலாவதைக் கண்டுகொள்ளாது. ஹோஸ்ட்ஸ் கோப்பு முதலிலா, டி.என்.எஸ். முதலிலா என்பதைத் தீர்மானிக்கும் வரி என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்ற வேறொரு கோப்பில் இருக்கும்.

வரிகளின் ஒழுங்கு முக்கியம். முதல் சர்வர் செத்துக் கிடந்தால் லினக்ஸ் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதைக் கேட்கும். ஆகவே பக்கங்கள் வரும், ஒவ்வொன்றும் ஐந்து விநாடி தயங்கி வரும். திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி லேப் ஒன்றில் இப்படித் தயங்கித் தயங்கி வந்ததை 'நெட் ஸ்லோ' என்று நெடுநாள் பொறுத்துக்கொண்டார்கள். வேகமான பிளானுக்கு மாறும் யோசனைகூட இருந்தது. எப்போதோ அகற்றப்பட்ட ஒரு சர்வரின் எண் முதல் வரியில் இருந்தது. அதை நீக்கியதும் தயக்கம் போயிற்று.

இரண்டாவது சர்வரைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம் ஒன்றை லேப்களில்தான் தெளிவாகக் காண முடிந்தது. முதலாவது சர்வருக்குத் தெரியாத பெயரை இரண்டாவது சொல்லும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலாவது பதிலே சொல்லாவிட்டால்தான் இரண்டாவதைக் கேட்கும். "அப்படியொரு பெயர் இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டுக்கொண்டு கணினி நிறுத்திவிடும். தேர்வுக்காக லேபுக்குள் வைத்த சர்வருக்கு உள்ளூர்ப் பெயர் ஒன்று வைத்து, அதை அறிந்த உள் டி.என்.எஸ். எண்ணை இரண்டாவது வரியிலும் வெளி நிறுவனத்தின் எண்ணை முதல் வரியிலும் எழுதினால், அந்தப் பெயர் ஒருநாளும் திறக்காது. உள் சர்வரை மட்டும் எழுதி, வெளிப்பெயர்களை அதுவே வெளியே கேட்டுச் சொல்லும்படி அமைப்பதே முறை.

கையால் திருத்திய ரிசால்வ்.கான்ஃப் மறுநாள் காலை பழையபடி மாறியிருப்பதும் மாணவர்களைக் குழப்பியது. டி.எச்.சி.பி. என்ற தானியங்கி முறையில் எண் வாங்கும் கணினி ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் தானே எழுதிக்கொள்ளும். மாற்றம் நிலைக்க வேண்டுமானால் நெட்வொர்க் மேனேஜரிலோ, எண் கொடுக்கும் ரூட்டரிலோதான் மாற்ற வேண்டும். இப்போதைய உபுண்டுவில் அந்தக் கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று கணினி தன்னையே காட்டும் எண் இருக்கும். உண்மையான சர்வர்களை 'ரிசால்வ்சிடிஎல்' கட்டளை காட்டும்.

2009 டிசம்பரில் கூகுள் தன் பொது டி.என்.எஸ்.ஸை அறிவித்தபோது 8.8.8.8 என்ற எண் சென்டர் சுவர்களில் ஏறியது. அதற்கு முன்பே 2006 முதல் ஓப்பன் டி.என்.எஸ். இருந்தது என்றாலும், 208.67.222.222 என்பதை நினைவில் வைப்பது கடினம். நாலு எட்டை யாரும் மறக்கவில்லை. நெட் எப்படி வரவில்லை என்றாலும் நாலு எட்டைப் போடு என்பது வைத்தியமாகிவிட்டது. லைன் அறுந்திருந்தாலும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அதற்குக் குறையும் இருந்தது. பெரிய தளங்கள் தம் நகல்களைப் பல ஊர்களில் வைத்து, கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு அருகிலுள்ள நகலின் எண்ணைச் சொல்லும். தூரத்துச் சர்வர் மூலம் கேட்டால் தூரத்து நகல் கிடைக்கலாம், வீடியோ மெதுவாகும். நிறுவனத்தின் சொந்தச் சர்வர் நன்றாக இருக்கும்போது அதை விட்டு மாறத் தேவையில்லை என்பதே அனுபவம் சொன்னது.

இதே கட்டங்களை மற்றவர்களும் நிரப்பக்கூடும் என்பது பிறகு தெரிந்தது. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளின் டி.என்.எஸ். எண்ணை மாற்றித் தன் சர்வர்களிடம் கேட்க வைத்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. பாதிக்கப்பட்ட கணினிகள் முடங்காமலிருக்க அந்த எண்களில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். மோடத்துக்குள்ளும் அதே வேலை நடந்தது. கடையிலிருந்து வந்தபடி யூசர்நேமும் பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே இருந்த மோடம்களில் யாரோ எங்கிருந்தோ எண்ணை மாற்றிவிடுவார்கள். வீட்டில் எந்தக் கருவியைத் திறந்தாலும் சம்பந்தமில்லாத விளம்பரம். கணினியில் வைரஸ் தேடி ஃபார்மட் அடித்தாலும் போகாது, கோளாறு கணினியில் இல்லாததால். செல்போனிலும் அதே விளம்பரம் வருகிறதா என்று கேட்டாலே போதும். வருகிறது என்றால் மோடத்தைத் திறந்து டி.என்.எஸ். எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். வங்கித் தளத்தின் பெயரைத் தட்டினாலும் எந்த எண்ணுக்குப் போவது என்று தீர்மானிப்பது இந்தக் கட்டங்கள்தான். ஆகவே பாஸ்வேர்டை மாற்றாமல் மோடம் பொருத்தி முடித்ததாகச் சொல்வதை இதை எழுதுபவர் ஏற்பதில்லை.

பிரவுசிங் சென்டர்களில் பெரும்பாலானவை இப்போது ஜெராக்ஸ் கடைகளாகவும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளாகவும் மாறிவிட்டன. ஃபைபர் வந்துவிட்டது. அமைப்பும் இடம் மாறியிருக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் செல்போனில் 'ப்ரைவேட் டி.என்.எஸ்.' என்ற தேர்வு உண்டு. அங்கே எண்ணுக்குப் பதில் சர்வரின் பெயரைக் கொடுக்க வேண்டும், கேள்வி மறைகுறியாகப் போகும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'செக்யூர் டி.என்.எஸ்.' தேர்வு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. அது வேலை செய்யும்போது கணினியின் அமைப்பையோ ரூட்டரின் அமைப்பையோ பிரவுசர் கேட்காமல் போகலாம். பிங்கில் ஓர் எண்ணும் பிரவுசரில் வேறோர் எண்ணும் கிடைத்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பு, கணினி, ரூட்டர் மூன்றையும் பார்த்த பிறகு, நாலாவதாக பிரவுசரின் செட்டிங்ஸையும் திறந்து பார்க்க வேண்டும்.